கப்பித்தானின் தங்கச்சி

கிண்ணியாத் துறையடியில் படகு எஞ்சின் திருத்துகிற முனீபுக்கு வயது நாற்பத்தாறு. எஞ்சின்கள் அவன் சொல் கேட்கும். மனிதர்கள் மறுத்துக் கதைப்பார்கள், அதனால் மனிதர்களை அவனுக்குப் பிடிக்காது. எஞ்சினில் என்ன பழுது என்று கேட்ட ஒருவரிடம், பழுது எஞ்சினில் இல்லை, அதைக் கொண்டுவந்தவரில்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன் அவன். அதற்குப் பிறகு பட்டறைக்கு வருகிறவர்கள் எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டார்கள். வேறு வழியில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு நல்ல வாயை விட நல்ல எஞ்சின் முக்கியம்.

அவன் கலியாணம் முடிக்கவில்லை. பட்டறையின் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு தொலைக்காட்சி. பகல் சோறு தங்கச்சி பஸ்மியாவின் வீட்டிலிருந்து வரும். உலகத்தில் அவன் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டவை இரண்டே இரண்டு. ஒன்று அந்தச் சோறு. மற்றது ‘பனிவளையம்’ என்ற ஆங்கிலப் படத்தொடர்.

பனிவளையத்தில் டார்வெல் என்றொரு கப்பித்தான். ஓட்டை உடைசலான விண்கலம் ஒன்று வைத்திருக்கிறான். அதில் அவனுக்கு வழி சொல்கிறவள் நெவ்ரா. முதல் படத்தின் முடிவில் எதிரிகள் நெவ்ராவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாம் படம் முழுக்க டார்வெல் அவளைத் தேடுகிறான். ஏழு வருசம். வழியில் வெயிலும் தண்ணீரும் உள்ள ஒரு நல்ல கோளில், நல்ல குணமான ஒருத்தி, என்னோடு இருந்துவிடு என்கிறாள். அவளை விட்டுவிட்டு மறுபடி குளிருக்குள் போகிறான். மூன்றாம் படத்தில் அவன் கண்டுபிடிப்பது நெவ்ராவின் புதைகுழியை. நான்காவது படம் வேறு ஆட்களைப் பற்றியது. அதை எல்லோரும் ஒற்றுமையாகக் காறித் துப்பினார்கள்.

இந்த வருசம் ஐந்தாவது வந்தது.

தமிழில் பேச வைத்துத் திருகோணமலை நகரத் தியேட்டரில் போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, ‘வளையத்தார்’ என்ற வாட்ஸ்அப் குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் ஒன்றாகப் போனார்கள். பாதிப் பேர் கிண்ணியா, பாதிப் பேர் நகரமும் உப்புவெளியும். முனீபுக்குத் தொடக்கத்திலேயே கடுப்பு ஏறிவிட்டது. கப்பலின் எஞ்சினைக் கண்ணாடியில் விரலால் தொட்டுக் கிளப்பினார்கள். பழைய படங்களில் டார்வெல் ஒரு இரும்புத் தடியை இரண்டு கையாலும் இழுத்தால்தான் அது எழும்பும். தொட்டவுடன் எழும்புகிற எஞ்சின் நடுக்கடலில் கைவிடும் என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு இளம்பெண் வந்தாள். என் உம்மா நெவ்ரா என்றாள். டார்வெலைப் பார்த்து, நீங்கள்தான் என் தகப்பன் என்றாள்.

தியேட்டரில் ஒரு பக்கம் கைதட்டினார்கள். முனீப் எழுந்து நின்றான். அவனோடு கிண்ணியாவின் மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள். திரையைப் பார்த்துத் தூ என்று துப்பிவிட்டு முனீப் வெளியே போனான். கூடப்பிறந்த தங்கச்சியின் வயிற்றில் பிள்ளை கொடுத்த ஒருவனைக் கதாநாயகன் என்று காட்டுகிறார்களே, இதைப் பார்த்துக் கைதட்டுகிறார்களே என்றிருந்தது அவனுக்கு. இது வெறும் கோபம் இல்லை. அருவருப்பு.

மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். பஸ் நிலையத்துக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் வைத்துத்தான் விசயம் வெடித்தது. உப்புவெளியில் இருக்கிற பிரவீனன், விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், அமைதியாகக் கேட்டார்.

“முனீப் நானா, டார்வெலும் நெவ்ராவும் அண்ணன் தங்கச்சி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

முனீப் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இது ஒரு கேள்வியா, சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று ஆர் சொன்னது என்பது போல. பிறகு, வாப்பா சொன்னவர் என்றான். நகரத்து ஆட்கள் ஆறு பேரும் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழு தொடங்கி ஆறு வருசம். ஆறு வருசமாக அவர்கள் கப்பலின் வேகம், எதிரிகளின் ஆயுதம், எந்தப் படம் ஒசத்தி, எந்தப் படம் குப்பை என்று சண்டை பிடித்திருக்கிறார்கள். டார்வெலுக்கு நெவ்ரா யார் என்று ஒருத்தரும் ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? நகரத்துக்காரர்களுக்கு அவள் காதலி. கிண்ணியாக்காரர்களுக்குத் தங்கச்சி. கப்பித்தான் அவளுக்காக அழுதபோது இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அழுதது. புதுப்படம் வரும்வரை, எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரசிகர்கள் புதுப்படத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்வதெல்லாம் சும்மா கதை. பதின்மூன்று பதினாலு வயதில் தாங்கள் பார்த்ததை எடுத்துக்கொண்டு போய், அது இருக்கிறதா இல்லையா என்று திரையில் ஒத்துப்பார்க்கத்தான் போகிறார்கள். இல்லையென்றால் எடுத்தவனுக்குப் பைத்தியம், பிடித்துப்போனவனுக்கு அறிவில்லை.

கிண்ணியாவுக்கு மட்டும் அவள் எப்படித் தங்கச்சியானாள் என்பதற்கு சரீப் ஹாஜியாரின் கடைக்குப் போக வேண்டும். முனீபின் வாப்பா அவர். தொண்ணூறுகளில் கிண்ணியாவில் வீடியோக் கெசட் வாடகைக்குக் கொடுத்தவர். அப்போது பாலம் இல்லை. நகரத்துக்கு ஃபெரியில் போய், ஒரு பையில் கெசட்டுகளைக் கொண்டுவருவார். கொண்டுவந்ததை அப்படியே கடையில் வைக்க மாட்டார். கதவைச் சாத்திவிட்டு, தனியாக இருந்து முழுவதையும் பார்ப்பார். குடும்பத்தோடு பார்க்க ஏலாத காட்சி எந்த நிமிசத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு இரண்டு டெக்கை இணைத்து, அந்த இடங்களை விட்டுவிட்டு வேறொரு கெசட்டில் பதிவார். அந்தக் கெசட்தான் ஊருக்குப் போகும். சரீப் ஹாஜியார் கடைக் கெசட் என்றால் குமர்ப்பிள்ளைகளும் பார்க்கலாம் என்று உம்மாமார் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் கடை ஓடியது.

ஆங்கிலப் படம் என்றால் இன்னொரு வேலையும் செய்வார். ஊரில் அநேகருக்கு ஆங்கிலம் விளங்காது. அதனால் ஒரு தாளில் கதையைத் தமிழில் பத்து வரியில் எழுதி, கெசட் உறைக்குள் மடித்து வைப்பார். கதைத்துண்டு என்று அதற்குப் பெயர். வீட்டில் ஒருவர் துண்டை உரக்க வாசிக்க, மற்றவர்கள் படம் பார்ப்பார்கள். பனிவளையம் முதல் படத்தின் துண்டு இப்படித் தொடங்கும்: ‘கப்பித்தான் டார்வெலும் அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி நெவ்ராவும் ஒரு கப்பலில் போகிறார்கள்.’

முனீபுக்கு அப்போது பதினாலு வயது, பஸ்மியாவுக்குப் பத்து. கடையின் பின்பக்கம் பாயில் இருந்து இருவரும் அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தார்கள் என்று கணக்கில்லை. இரண்டாம் படம் வந்தபோது, துண்டில் ‘தங்கச்சியைத் தேடி ஏழு வருசம்’ என்றிருந்தது. தங்கச்சிக்காகத் தன் சுகத்தை விடுகிறவன்தான் ஆம்பிளை என்று முனீப் விளங்கிக்கொண்டது பள்ளிவாசலிலும் இல்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை. அங்கேதான்.

கிழக்கில் உள்ளவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான், ஆகவே பெண்ணுக்கு வீடு வேண்டும். தகப்பனால் ஏலாவிட்டால் அந்த வீட்டை அண்ணன் தம்பிமார் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை அவர்களுடைய கலியாணம் காத்திருக்கும். எல்லாரும் இதைச் செய்கிறார்கள், முனகிக்கொண்டே செய்கிறார்கள். முனீப் ஒருவன்தான் மார்தட்டிக்கொண்டு செய்தான். இரண்டாயிரத்து ஒன்றில் வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள் கழிந்ததும் கத்தாருக்குப் போனான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. கப்பல் பட்டறை ஒன்றில் எஞ்சின் வேலை. மூன்று வருசத்தில் பஸ்மியாவின் வீட்டுக்குச் சுவர் எழும்பியது. இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் வந்து சுவரையும் கொண்டுபோய், அத்திவாரத்துக்குள் மண்ணையும் நிரப்பிவிட்டுப் போனது. மறுபடி முதலிலிருந்து. பதினொரு வருசம் அங்கே இருந்தான். முதல் படத்தின் கெசட்டைத் தோகாவில் ஒரு கடையில் கொடுத்து சீடியாக மாற்றி, வெள்ளிக்கிழமைகளில் அறையில் உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டுவான். வேறு பிரதி தேடி அவன் பார்த்ததேயில்லை. மனப்பாடமாக உள்ளதை எதற்குத் தேடுவது?

இடையில் அவனுக்கு ஷிஃபானா என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு, அவளை மூதூரில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வீடு முடிந்து, பஸ்மியாவின் கலியாணமும் முடிந்து, அவன் ஊருக்கு வந்தபோது முப்பத்துமூன்று வயது. அதற்குப் பிறகும் பெண் கேட்டுப் போகலாம்தான். ஆனால் அவனுடைய வாய்க்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஏன் இப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், கப்பித்தான் எப்படி இருந்தாரோ அப்படி என்பான். ஊரில் அவனுக்குப் பட்டப்பெயரே கப்பித்தான்தான். பின்னால் சொல்லிச் சிரித்தாலும், முன்னால் சொல்லும்போது அவன் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டான்.

ஆகவே நகரத்து ஆறு பேரும் தேத்தண்ணிக் கடையில் சிரித்தபோது, அவர்கள் ஒரு படத்தைப் பற்றிச் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது தெரியாது. முனீபுக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. தங்கச்சிக்காகப் போகாத ஒரு கப்பித்தானைப் பார்த்து, தான் தங்கச்சிக்காகப் போய்விட்டு வந்தவன் என்றால் அந்தப் பதினொரு வருசத்துக்கு என்ன பெயர்?

அன்று பின்னேரமே குழுவில் போர் மூண்டது. காதலர்கள் என்பது வெள்ளைக்காரனும் நகரத்தானும் சேர்ந்து கட்டிய புளுகு என்று கிண்ணியாவின் றிப்தி எழுதினார். கிண்ணியாச் சந்தையில் மீன் ஏலம் கூறுகிற அவருக்கு எழுத்திலும் சத்தம் அதிகம். கிண்ணியாவில் மூக்குக்கண்ணாடிக் கடை இல்லையா என்று நகரத்தில் ஒருவர் கேட்டார். அதற்கு வந்த பதிலை இங்கே எழுத ஏலாது. படம் கீழே கிடந்தது, ஊரும் சாதியும் சமயமும் மேலே வந்தன. முனீப் ஒரே ஒரு குரல்பதிவு போட்டான்: வாப்பாவின் கெசட்டும் துண்டும் தன்னிடம் இருக்கின்றன, கொண்டுவந்து எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டுவேன், தான் பிழையென்றால் பனிவளையம் என்ற பெயரையே இனி வாயில் எடுக்க மாட்டேன், நகரத்தான் பிழையென்றால் பிரவீனன் சேர் தன் பட்டறை வாசலில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பிரவீனன் சரி என்றார். இணையத்தில் இருந்து எடுத்து அனுப்பிவிடுகிறேன், இத்தனை தூரம் எதற்கு என்று முதலில் கேட்டுப் பார்த்தார். இணையத்தில் வருவதெல்லாம் பிறகு மாற்றியது, முதல் வந்தது வாப்பாவின் கெசட்தான் என்று முனீப் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெக்கையும் கெசட்டையும் ஒரு மீன் பெட்டிக்குள் வைத்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு முனீப் உப்புவெளிக்குப் போனான். பிரவீனனின் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து அவன் ஒருவன்தான். மற்றவர்கள், உங்கள் கெசட் போதும் நானா, எங்கள் உடம்பு எதற்கு என்று சொல்லிவிட்டார்கள். தொலைக்காட்சியில் கெசட், பக்கத்தில் மடிக்கணினியில் பிரவீனனின் பிரதி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டார்கள்.

முதல் நாற்பது நிமிசமும் இரண்டும் அச்சொட்டாகப் போயின. ஆங்கிலம் விளங்காத முனீப் ஆங்கில வசனத்தை வரிக்கு வரி ஒப்புவித்தான். பிரவீனனும் ஒப்புவித்தார். டார்வெல் இரும்புத் தடியை இழுக்கிற இடத்தில் இருவரும் ஒன்றாகக் கையைப் பின்னால் இழுத்தார்கள். பிரவீனனின் முகத்தில் பகை கொஞ்சம் இறங்கியிருந்ததை முனீப் கவனித்தான். இந்த மனுசனோடு எதற்குச் சண்டை பிடித்தோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

நாற்பத்தெட்டாம் நிமிசத்தில் நெவ்ராவின் கை நெருப்பில் சுடுகிறது. டார்வெல் துணி கட்டத் தொடங்குகிறான். தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே போனது. உடனே நெவ்ரா யன்னலடியில் நிற்கிறாள், தலைமயிர் விரிந்திருக்கிறது. அவள் தலை முழுகிவிட்டு நிற்கிறாள் என்று கிண்ணியாவில் முப்பது வருசமாக எல்லாரும் நம்பினார்கள்.

மடிக்கணினியில் அவர்கள் இன்னும் அந்த அறையிலேயே இருந்தார்கள்.

இரண்டரை நிமிசத்துக்கு மேல் இருந்தார்கள். முனீப் முதல் சில விநாடிகள் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். எந்த ஊர் அண்ணனும் எந்த ஊர் தங்கச்சியும் அப்படி இருக்க மாட்டார்கள். யாரோ கிக்கிக்கென்று சிரித்தார்கள். இது பிறகு சேர்த்தது என்று முனீப் சொன்னான். சொல்லிவிட்டு, கெசட்டைத் திருப்பிப் போடச் சொன்னான். கோட்டுக்கு முன்னால் துணி அரைகுறையாகக் கட்டியிருக்கிறது, விளக்கு எரிகிறது. கோட்டுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாகிவிட்டது, விளக்கு அணைந்திருக்கிறது. பல் உடைந்த சக்கரத்தைக் கையில் எடுத்தவுடன் எத்தனை பல் போயிருக்கிறது என்று சொல்கிறவனுக்கு இது தெரியாதா? வாப்பா கெசட் வெட்டுவதை அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். காதலர்கள் வருகிற படங்களைத்தான் வெட்டுவார். இதில் வெட்ட ஒன்றுமில்லை, இது அண்ணன் தங்கச்சிக் கதை என்றுதான் அவன் இத்தனை காலமும் நினைத்திருந்தான். வெட்டியதை மறைக்கத்தான் தங்கச்சி என்று எழுதினார் என்பது இப்போதுதான் விளங்கியது. ஒரு ஆணும் பெண்ணும் தனியாக ஒரு கப்பலில் போகிறார்கள் என்றால் எந்த உம்மா அந்தக் கெசட்டை வீட்டுக்குள் விடுவாள்?

பிரவீனன் பேசாமல் இருந்திருக்கலாம். வென்றவர்களுக்கு அது வராது. “உங்கட வாப்பா நல்ல மனுசன்தான், நானா” என்றார். “ஆனா ஒரு முழு ஊரையும் முப்பது வருசம் முட்டாளாக்கிப்போட்டுப் போயிட்டார்.”

முனீப் அவருடைய சட்டையைப் பிடித்தான். இருந்தவர்கள் விலக்கினார்கள். நீ வாத்தியா, உனக்கு வாப்பா இருந்தவரா என்று கேட்டான். அதுவரை சேர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தவன். டெக்கையும் கெசட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினான்.

அவன் கிண்ணியாப் பாலத்துக்கு வருவதற்குள், நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய முகத்தை யாரோ படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்தார்கள். பாலத்து ஓரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். நூற்றுக்கு மேல் செய்தி வந்திருந்தது. கிண்ணியாக்காரர் எவரும் அசைந்து கொடுக்கவில்லை. நகரத்தான் கணினியில் ஒட்டிக் காட்டியிருக்கிறான் என்றார்கள். றிப்தியின் குரல்பதிவு கடைசியில் இருந்தது. “நானா, பொய்யெண்டு நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கொள்றம். ஹாஜியார்ட துண்டு பொய்யெண்டா எங்கட ஊர்ல வேற எது மெய்?”

ஒரு சொல் போதும். சொன்னால் ஊர் அவன் பக்கம். சொல்லாவிட்டால் நகரத்தில் கோமாளி, ஊரில் வாப்பாவை விற்றவன். எதிரியின் வாயை அடைக்க முனீபுக்கு எப்போதும் ஆசைதான். இன்று மட்டும், எதிரி யார் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்மியாவின் வீட்டுக்குப் போனான்.

அவன் கட்டிய வீடு அது. வந்தால் வாசலோடு நின்று கதைத்துவிட்டுப் போவதுதான் அவன் வழக்கம், மச்சான் இருக்கிற வீட்டுக்குள் அண்ணன் சும்மா நுழையக்கூடாது என்பான். இன்று நேரே குசினிக்குள் போனான். மச்சான் கடைக்குப் போயிருந்தார். பஸ்மியா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அவன் பதில் சொல்லாமல், உப்புவெளியில் நடந்ததைச் சொன்னான். வெள்ளைக் கோட்டைச் சொன்னான், அந்த அறையைப் பற்றி மேலோட்டமாகச் சொன்னான். வாப்பா இப்படிச் செய்துவிட்டாரே என்று அவளும் நெஞ்சில் கை வைப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் இறாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“ஓம்.”

எப்போதிருந்து என்று கேட்டான். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள். உயர்தரம் படிக்க நகரத்துக்குப் போன காலத்தில், கூடப் படித்தவள் ஒருத்தியின் வீட்டில் முழுப் படத்தையும் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் கேட்டாளாம். வாப்பா கோபப்படவில்லை, கெஞ்சினாராம். தெரிந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள், உன் நானா அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனுசனாக இருக்கிறான், எனக்குப் பிறகு உனக்கு அவன்தான் என்றாராம்.

“அப்ப நான் கத்தாருக்குப் போகக்குள்ள உனக்குத் தெரியும்.”

“ஓம்.”

“ஷிஃபானா வீட்டார் கேக்கக்குள்ளயும்.”

அதற்கு அவள் ஓம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் ஷிஃபானாவின் வாப்பா, எப்போது கலியாணம் என்று கடைசித் தடவையாகக் கேட்டு அனுப்பியிருந்தார். முனீப் தோகாவிலிருந்து தங்கச்சிக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதினான். பஸ்மியா ஒரே ஒரு வரியில் பதில் போட்டாள்: ‘கப்பித்தான் பாதி வழியில் கப்பலைத் திருப்பினாரா, நானா?’ அந்த வரியை அவன் அறையில் உள்ள எல்லாருக்கும் வாசித்துக் காட்டினான். என் தங்கச்சியைப் பாருங்கள் என்று கண்ணைத் துடைத்தான். விடுமுறை கேட்டு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

“படம் பொய்யெண்டு தெரிஞ்சுதான் அத எழுதினன்” என்றாள் பஸ்மியா. அவள் அழவில்லை. பத்தொன்பது வருசம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துப் பழகியதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். “கடல் கொண்டுபோன பிறகு இந்தக் காணியில அத்திவாரம் மட்டும்தான். எனக்கு இருவத்திமூணு வயசு. நீங்க வந்து கலியாணம் முடிச்சா அந்த வீட்டுக்குத்தான் போவீங்க, அவங்களத்தான் பாப்பீங்க. என்ன ஆர் கேட்டு வருவாங்க? பயந்துபோய்த்தான் எழுதினன். ஒங்களுக்கு எது பட்டா நிப்பீங்க எண்டு எனக்குத் தெரியும்.”

முனீப் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நிலையும் அவன் காசில் வந்ததுதான். அவனுக்கு ஏசத் தெரியும். ஊரே அதற்குச் சாட்சி. இப்போது அவன் நிலையின் சாயத்தை நகத்தால் சுரண்டினான்.

“நீங்களும் ஆசப்பட்டுத்தானே நிண்டீங்க” என்றாள் அவள், அவன் ஏசாமல் நிற்பது பொறுக்காமல். “கப்பித்தான் மாதிரி இருக்கணுமெண்டு நீங்கதானே சொல்லித் திரிஞ்சீங்க. நான் வேறென்னத்தச் சொல்ற?”

“அந்தக் கடுதாசியில நான் கப்பித்தானப் பத்தி ஒண்டும் கேக்கல்ல, பஸ்மியா” என்றான் முனீப். “வரட்டா எண்டுதான் கேட்டனான்.”

அவன் அவளுடைய பதிலுக்கு நிற்காமல் வெளியே போனான்.